துரையின் கையெழுத்தும் ஐந்து எட்டுகளும்

பேரிங்ஸ் வங்கியை 1995 பெப்ரவரியில் கவிழ்த்த நிக் லீசனையும் இலங்கையின் ஊவாத் தோட்டங்களின் பெரிய கங்காணியையும் ஒரே வாங்கில் உட்காரவைப்பது முதலில் விபரீதமாகத் தோன்றும். ஒருவர் வாட்ஃபர்டில் சாந்து பூசும் தொழிலாளிக்கு மகனாகப் பிறந்து, சிங்கப்பூர் சிமெக்ஸ் சந்தையில் ஜப்பானிய நிக்கேய் குறியீட்டை வாங்கி விற்றவர். மற்றவர் திருச்சிராப்பள்ளி, சேலம் பக்கத்துக் கிராமங்களில் ஆள் கட்டி, பசறை, மடுல்சீமை, அப்புத்தளை மலைகளில் கொண்டுவந்து சேர்த்தவர். முன்னவருக்குப் பெயர் உண்டு, முகம் உண்டு, அவர் கதையைச் சொல்லும் திரைப்படம்கூட உண்டு. பின்னவர் தனி மனிதர் அல்லர். ஆயிரக்கணக்கானோர் தலைமுறை தலைமுறையாக வகித்த ஒரு பதவி. ஆனால் இருவரின் கணக்குப் புத்தகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துவைத்தால் வரிக்கு வரி உறவு தெரிகிறது. கணக்கு உடைந்த பிறகு யார் தலையில் பழியைப் போடுவது என்று ஊர் இரண்டுபட்டதே, அதிலும் அந்த உறவு தொடர்கிறது.

வாசலும் கணக்கும் ஒரே கையில் இருந்ததிலிருந்து தொடங்கலாம். லீசன் சந்தைத் தளத்தில் வியாபாரமும் செய்தார். அந்த வியாபாரத்தைச் சரிபார்த்துப் பணம் தீர்க்கும் அலுவலகத்துக்கும் அவரே பொறுப்பு. தான் எழுதியதைத் தானே சரியென்று குறிக்கும் வசதி. இந்த ஏற்பாடு ஆபத்தானது என்று பேரிங்ஸின் சொந்த உள்தணிக்கையே 1994இல் எழுதிவைத்தது. எழுதியது எழுதியபடி கிடந்தது. பெரிய கங்காணி ஆள் சேர்த்தார். சேர்த்த ஆளின் வழிச்செலவு, அரிசி, துணி, கல்யாணம், கருமாதிச் செலவு எல்லாவற்றையும் பற்றெழுதினார். அந்த ஆளின் கூலியையும் தோட்டத்து மேசையில் அவரே வாங்கினார். கடன் கொடுப்பவரும் கடன் எழுதுபவரும் கடனுக்காகக் கூலியைப் பிடிப்பவரும் ஒருவரேயானால், கடன்காரர் எந்தப் புத்தகத்தைப் பார்த்துக் கணக்குக் கேட்பார்?

சம்பள நாளைச் சற்று கிட்டப் போய்ப் பார்ப்போம். ஆபீஸ் வாசலில் மேசை. வேலைப் பதிவேடான செக்ரோலைப் பார்த்து ஒவ்வொரு கேங்குக்கும் எத்தனை 'பேர்' (ஒரு நாள் வேலைப் பதிவு) விழுந்திருக்கிறது என்று படிக்கிறார்கள். கங்காணி முன்னால் வந்து தன் கேங்கின் மொத்தத் தொகையைத் துணியில் வாங்கிக்கொள்கிறார். பின்னால் நிற்கும் நாற்பது பேரும் அந்தத் துணியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். லயத்துக்குத் திரும்பிய பிறகு பங்கீடு: தோட்டம் ஏற்கெனவே கொடுத்த அரிசி கழிந்தது, பழைய பற்றில் இவ்வளவு கழிந்தது, இந்த மாதம் புதுப் பற்று இவ்வளவு ஏறியது. ஆளுக்கு ஆள் கையில் விழுவது சில சில்லறைகள். வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு தலைக்கும் நாளொன்றுக்கு இத்தனை சதம் என்று கங்காணிக்குத் தலைக்காசு தனியாக வந்தது. லீசனுக்கும் அப்படித்தான்: 1994ஆம் ஆண்டுக்காக அவருக்கு எழுதப்பட்டிருந்த ஊக்கத்தொகை 4,50,000 பவுண். தான் காட்டிய இலாபத்தின் தலைக்காசு அது.

எனக்கு வியப்பளித்தது கணக்கியல்தான். நட்டம் எந்தப் பத்தியில் எழுதப்பட்டது? சிங்கப்பூரில் நட்டம் 88888 என்ற பிழைக்கணக்குக்குள் போனது. எட்டு சீனருக்கு ராசியான எண். அதை ஐந்து முறை அடுக்கினார்கள். அந்த நட்டத்துக்கு ஈடுகட்ட லண்டன் தலைமையகம் அனுப்பிய பணத்தை லண்டன் புத்தகங்கள் நட்டம் என்று எழுதவில்லை. வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்த கடன், திரும்ப வரவேண்டியது என்று எழுதின. அப்படி ஒரு வாடிக்கையாளரும் இல்லை. கடைசி வாரத்துக்குள் அப்படிப் போன மொத்தப் பணம் வங்கியின் முழு மூலதனத்தையும் மிஞ்சியது. ஊவாவிலும் இதே பத்திதான். கங்காணிக்குக் கொடுத்த முற்பணத்தைத் தோட்டம் செலவென்று எழுதவில்லை. புரோநோட்டு வாங்கிக்கொண்டு, ஆள்கடன், வரவேண்டியது என்று சொத்துப் பக்கத்தில் எழுதியது. கடன்பட்டவர் கொலராவில் செத்திருக்கலாம். இரவோடிரவாக வேறு தோட்டத்துக்கு ஓடியிருக்கலாம். ஏட்டில் மட்டும் அவர் உயிரோடு கடன்பட்டுக்கொண்டேயிருந்தார். வராத பணத்தை வரவேண்டியது என்று எழுதும் வரை எந்த வங்கியும் நொடிப்பதில்லை, எந்தத் தோட்டமும் நட்டப்படுவதில்லை.

வளர்ந்த விதத்திலும் சாயல் இருக்கிறது. லீசன் சொல்வதன்படி, புதிதாகச் சேர்ந்த ஒருவர் வாங்கவேண்டிய 20 ஒப்பந்தங்களைத் தவறுதலாக விற்றதில் தொடங்கியது அது. அப்போது நட்டம் 20,000 பவுண். 1992 முடிவில் அந்தக் கணக்கில் 20 லட்சம், 1993 முடிவில் 2.3 கோடி, 1994 முடிவில் 20.8 கோடி. ஜனவரி 17 அன்று கோபே நகரத்தைப் பூமியதிர்ச்சி உலுக்கி, நிக்கேய் சரிந்து, பெப்ரவரியில் எண்ணி முடித்தபோது 82.7 கோடி பவுண். பழைய நட்டத்தை மூட இரட்டிப்பாக விளையாடுவது, தோற்றால் மறுபடி இரட்டிப்பு.

ஊவாவில் கங்காணியின் கடனைச் சுமந்த 'துண்டு' என்ற காகிதம் இவ்வளவு வேகமாக ஓடவில்லை. மலைப்பாதையில் ஏறுவது போலத்தான் ஏறியது. ஒரு கணக்கைக் கற்பனையாகப் போட்டுப் பார்க்கலாம். நாற்பது பேர் கொண்ட கேங்கின் கடன் 2,000 ரூபாய். 'இந்தத் தொகையைக் குறித்த நாளுக்குள் கட்டுபவருக்கு இந்தக் கங்காணியையும் ஆட்களையும் விட்டுவிடுகிறேன்' என்ற பொருளில் தோட்ட நிர்வாகியான துரை எழுதிக் கையெழுத்திட்டுத் துண்டு கொடுக்கிறார். கங்காணி அதை மடியில் செருகிக்கொண்டு ஆள் தட்டுப்பாடுள்ள அடுத்த தோட்டத்துக்குப் போகிறார். புதிய துரை 2,000 கட்டி, மேலே 400 முற்பணமும் தருகிறார். அங்கிருந்து புறப்படும்போது துண்டில் 2,400. அடுத்த இடத்தில் 2,900. தலைக்கு 50 ரூபாயாக இருந்த கடன் 72 ரூபாய் 50 சதம். ஆணின் நாட்கூலி 33 சதம் அளவில் இருந்த காலத்தில் இந்த வித்தியாசம் மட்டும் 68 நாள் உழைப்பு. அந்த மேலதிகப் பணத்தில் எவ்வளவு லயத்துக்கு வந்தது, எவ்வளவு கங்காணியின் ஊரில் நிலமானது என்பது கங்காணிக்கே வெளிச்சம். சந்தையில் கைமாறியது நிக்கேய் அல்ல. கொழுந்து பறிக்கும் கைகளின் நாளைய உழைப்பு. எதிர்கால உழைப்பின் மேல் எழுதிய ஒரு காகிதத்தை அதிக விலை தருபவரிடம் விற்பதற்கு இன்றைய நிதிச்சந்தை வேறு பெயர்கள் வைத்திருக்கிறது. தொழில் ஒன்றுதான்.

ஆனால் ஒப்புமை இங்கே ஓரிடத்தில் முறிகிறது. 88888 மறைவில் இருந்தது. அதை மறைக்க லீசன் போலிக் கடிதம் தயாரித்தார், நியூயோர்க் நிறுவனம் ஒன்றிடமிருந்து பெருந்தொகை வரவேண்டியிருப்பதாகத் தணிக்கையாளரை நம்பவைத்தார். துண்டில் மறைவு என்று எதுவுமில்லை. அது பட்டப்பகலில் கைமாறிய காகிதம். அதன் கீழே இருந்ததோ துரையின் சொந்தக் கையெழுத்து. முதலாளியை ஏமாற்றும் கருவியை முதலாளியே எழுதிக் கொடுத்த மோசடி இது. ஆகவே லீசனின் குற்றத்தைக் கண்டுபிடிக்க ஆய்வாளர்கள் தேவைப்பட்டார்கள். கங்காணியின் குற்றத்தைப் பார்க்க ஆபீஸ் மேசை இழுப்பறையைத் திறந்தாலே போதுமாயிருந்தது. திறக்க ஏன் எவருக்கும் மனம் வரவில்லை என்பதற்கு விடை தேடினால், முறிந்த ஒப்புமை மறுபடி ஒட்டிக்கொள்கிறது.

இரண்டு இடத்திலும் கண்ணை மூடிக்கொள்வதில் இலாபம் இருந்தது. 1993இல் பேரிங்ஸின் மொத்த இலாபத்தில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கை அந்தச் சிங்கப்பூர் இளைஞர் கொண்டுவந்ததாகக் கணக்கு சொன்னது. பங்குத்தொழிலில் பணம் பண்ணுவது அப்படியொன்றும் கடினமில்லை என்று வங்கித் தலைவர் பீட்டர் பேரிங் இங்கிலாந்து வங்கிக்காரர்களிடம் சொன்னதும் அந்த ஆண்டுதான். ஆபத்தே இல்லாத வியாபாரத்தில் இவ்வளவு இலாபம் எப்படி என்று கேட்கவேண்டியவர்கள், இன்னும் எவ்வளவு பணம் அனுப்பவேண்டும் என்று கேட்டார்கள்.

ஊவாவின் தேவை வேறு, பலவீனம் அதே. கோப்பிச் செடியின் இலைத்துரு இலங்கையில் முதன்முதல் கண்ணில் பட்டது 1869இல், இதே மடுல்சீமைப் பக்கத்தில். கோப்பி அழிந்து தேயிலை வந்ததும் ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்க ஆள் வேண்டியதாயிற்று. ஊவா தூரம். ரயில் 1894இல் பண்டாரவளையை எட்டியது. பதுளைக்கு வர 1924 ஆனது. வந்த ஆளை வழியிலுள்ள தோட்டங்கள் கொத்திக்கொள்ளாமல் இவ்வளவு தூரம் இழுத்துவர வேண்டும். வந்தபின் தக்கவைக்கவும் வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாழ்நாட்டு றப்பர்த் தோட்டங்களும் ஆளுக்குப் போட்டியிட்டபோது முற்பணம் இன்னும் வீங்கியது. நாளைக்குக் கொழுந்து முற்றிவிடும் என்று தெரிந்த துரை, கங்காணியின் பழைய கணக்கைத் துருவி ஆராய்வாரா? 'எத்தனை பேர் கொண்டுவருவாய்' என்றுதான் கேட்பார். முற்பணத்துக்கு உச்சவரம்பு வைக்கத் தோட்டக்காரர்கள் தமக்குள் பேசியதுண்டு. பக்கத்துத் தோட்டம் ஆளை இழுத்த மறுநாளே அந்தப் பேச்சு காற்றில் போகும். தனித்தனியாக ஒவ்வொரு துரையும் புத்திசாலி. சேர்த்துப் பார்த்தால் அவர்கள்தான் தங்கள் பணத்தைக் கொண்டு தங்கள் ஆளின் விலையை ஏற்றிக்கொண்டவர்கள்.

இனி பழிக்கு வருவோம்.

பேரிங்ஸ் பற்றி இரண்டு நகரங்கள் இரண்டு அறிக்கைகள் எழுதின. 1995 ஜூலையில் இங்கிலாந்து வங்கியின் மேற்பார்வைச் சபை, இது ஒரு தனி மனிதரின் அனுமதியற்ற செயல், உள்கட்டுப்பாடு தவறியதால் பிடிபடாமல் போனது என்றது. ஒக்டோபரில் சிங்கப்பூர் அரசின் ஆய்வாளர்கள் எழுதியதில் சூடு அதிகம். மேலாளர்கள் சொன்ன விளக்கங்களை அவர்கள் நம்பவில்லை. அந்தக் கணக்கின் இருப்பு மேலே தெரிந்திருக்கவேண்டும், உண்மை வெளிவராமல் பார்த்துக்கொள்ளும் முயற்சியும் நடந்தது என்ற பக்கம் சாய்ந்தார்கள். மேலாளர்கள் மறுத்தார்கள். மேற்பார்வை லண்டனின் பொறுப்பு. லண்டன் அறிக்கைக்கு ஆள் சிங்கப்பூரில் கிடைத்தார். சந்தை சிங்கப்பூரின் மானம். சிங்கப்பூர் அறிக்கைக்கு ஆட்கள் லண்டனில் கிடைத்தார்கள். பிரித்தானியப் பொதுமக்களும் அப்படியே பிரிந்தார்கள்: சிலருக்கு அவர் திருடர், சிலருக்கு மேட்டுக்குடி வங்கியைக் கவிழ்த்த உழைப்பாளி வீட்டுப் பையன்.

துண்டு விடயத்திலும் சொல்பவர் நின்ற இடத்தைப் பொறுத்தே குற்றவாளி மாறினார். தோட்டக்காரர்களின் நாக்கில் குற்றவாளி கங்காணி: பணத்தை வாங்கிக்கொண்டு ஆளோடு ஓடுபவன், ஆளையும் துரையையும் ஒருசேரக் கறப்பவன். சென்னை அரசு அனுப்பிய மார்ஜரிபாங்க்ஸும் அகமது தம்பி மரைக்காயரும் 1917இல் எழுதிய அறிக்கையின் பார்வை ஆளின் தலைமேல் ஏறிய கடனின் மேல் விழுந்தது. 1919இல் பொன்னம்பலம் அருணாசலமும் பெரி சுந்தரமும் அமைத்த இலங்கைத் தொழிலாளர் நலன்புரிக் கழகம் சட்டத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது: வேலையை விட்டு விலகும் தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பும் சட்டம் இருக்கும் வரை எந்தக் கங்காணியின் கணக்கும் பொய்க்கணக்காகாது என்பது அந்தத் தரப்பின் சாரம்.

என் தராசில் இந்தக் கடைசித் தரப்பே கனமாக இருக்கிறது. ஆனால் கங்காணியை முழுக்க விடுவித்துவிட எனக்கு மனமில்லை. லீசனுக்கு மேலே லண்டன் இருந்தது. கீழே ஏமாந்தவர் என்று அவருக்கு முகம் தெரிந்த எவரும் இல்லை. கங்காணி ஏமாற்றியது தன் சாதிசனத்தை, பங்காளியை, மச்சானை. பதுளைப் பக்கத்து லயங்களில் மூத்தவர்களிடம் பேச்சுக்கொடுத்தால் இன்றும் இரண்டு குரல் கேட்கும். 'பெரிய கங்காணி இல்லாட்டி எங்க பாட்டன் பஞ்சத்துல ஊர்லயே செத்திருப்பாரு, கோயில் கட்டினது அவரு, தேர் இழுத்தது அவரு' என்பது ஒன்று. 'எங்க பேரைப் போட்டுத் தின்னது அவரு' என்பது மற்றது. சில வேளை இரண்டையும் ஒரே வாய் சொல்லும். லீசனைப் பற்றிச் சிங்கப்பூரில் இப்படி ஒரே வாயில் இரண்டு குரல் கேட்பது அரிது. அவர் எவருக்கும் கோயில் கட்டவில்லை.

ஒப்பாய்வுக்கு வெளியே நிற்கவேண்டிய மூன்றாவது ஒன்று இந்த இடத்தில் தலைநீட்டுகிறது. பேரிங்ஸ் விழுந்தது 1995 பெப்ரவரி 26. இருபது ஆண்டும் ஒரு நாளும் கழித்து, 2015 பெப்ரவரி 27 அன்று, கொழும்பில் மத்திய வங்கி 100 கோடி ரூபாய்க்கென அறிவித்த முப்பதாண்டுப் பிணைமுறி ஏலத்தில் ஆயிரம் கோடிக்கு மேல் ஏற்றுக்கொண்டது. அதில் ஏறக்குறையப் பாதி ஆளுநரின் மருமகனோடு தொடர்புடைய பெர்பெச்சுவல் ட்ரெஷரீஸ் நிறுவனத்துக்குப் போனது. அதன் பிறகு நடந்த கொடுக்கல் வாங்கல்களில் ஊழியர் சேமலாப நிதியமும் இழந்தது என்று நீதியரசர் சித்திரசிறி தலைமையிலான ஆணைக்குழு 2017 டிசம்பரில் அறிக்கை கொடுத்தது. அந்த நிதியத்தில் மாதாமாதம் கூலியில் பிடிபடும் பணம் பசறையிலும் தெமோதரையிலும் கொழுந்தெடுப்பவர்களுடையதும்தான். ஆணைக்குழுவின் அறிக்கை நீதிமன்றத் தீர்ப்பல்ல. சம்பந்தப்பட்டவர்கள் குற்றச்சாட்டை மறுத்தார்கள். பழி மட்டும் பழைய தடத்திலேயே ஓடியது: ஒரு கட்சிக்கு வியாபாரி, இன்னொன்றுக்கு ஆளுநர், மற்றொன்றுக்கு அவரை அந்தப் பதவிக்குக் கொண்டுவந்த பிரதமர். லீசனை ஃபிராங்ஃபர்ட்டிலிருந்து கேட்டு வாங்கிய சிங்கப்பூர், முன்னாள் ஆளுநரை இலங்கை கேட்டபோது அனுப்பவில்லை. ஊவாக்காரருக்கு இதில் புதிதாக இருந்தது ஒன்றே. கூலியில் பிடித்தவரின் முகம் இம்முறை அவர்களுக்குத் தெரிந்த முகமாக இல்லை.

நம் இருவரிடம் திரும்பி, கணக்கு எப்படி மூடப்பட்டது என்று பார்ப்போம். பேரிங்ஸை ஐஎன்ஜி வங்கி ஒரு பவுணுக்கு வாங்கியது. ஊழியரின் ஊக்கத்தொகைகளையும் பெரும்பாலும் கொடுத்தது. வங்கியின் நிரந்தரக் கடன்பத்திரங்களில் பணம் போட்டிருந்தவர்கள் கையைப் பிசைந்தார்கள். லீசன் ஆறரை ஆண்டுத் தண்டனை பெற்று 1999இல் வெளியே வந்தார். அதோடு முடியவில்லை: நொடித்த வங்கியின் சார்பில் தணிக்கையாளர்கள் மேல் வழக்குப் போட்டார்கள். 2003இல் லண்டன் உயர் நீதிமன்றம் சிங்கப்பூர்த் தணிக்கையாளரின் கவனக்குறைவை ஒப்புக்கொண்டது. ஆனால் பேரிங்ஸின் சொந்தக் கவனக்குறைவு அதைவிடப் பெரிது என்று சொல்லி, கேட்ட கோடிக்கணக்கான பவுணுக்குப் பதில் 15 லட்சம் பவுண் மட்டும் விதித்தது. பழி யாருக்கு எவ்வளவு என்று பணத்தில் அளந்து சொன்ன நீதிபதி ஒருவர் அங்கே கிடைத்தார்.

துண்டை மூடியது 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம். துண்டு கொடுப்பது குற்றமாயிற்று. தொழிலாளியின் பழைய கடனை எவரும் வழக்காடி வாங்க முடியாதென்று ஆயிற்று. தோட்ட ஏடுகளில் வரவேண்டியது என்று நின்ற தொகைகள் ஒரே வீச்சில் வராதவையாயின. துரைமார் கையெழுத்திட்ட துண்டுகளுக்காக எந்தத் துரையும் கூண்டேறவில்லை. அதே கங்காணிகள் புதிய விதிகளின் கீழ் ஆள் சேர்த்துக்கொண்டே இருந்தார்கள், 1939இல் இந்தியா ஆள் போவதைத் தடுக்கும் வரை. அதுவரை சம்பள நாள்தோறும் துணிக்குள் கழிக்கப்பட்ட கூலியைத் திருப்பிக் கொடுப்பது பற்றி அந்தச் சட்டத்தில் பேச்சே இல்லை.